சத்தம் வராது என்றார்கள்

சுபைறா விழுந்தது உண்மைதான். அதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

தை மாத மழையில் குளியலறைப் படி வழுக்கிவிட்டது. இடுப்பு அடிபட்டு, எழும்ப முடியாமல், இரண்டு மணித்தியாலம் ஈரச் சீமெந்தில் கிடந்தார். சோற்றுக்குக் கொஞ்சம் மீன் ஆணம் கொடுத்துவிட்டுப் போக வந்த பக்கத்து வீட்டு றினோஸா, கூப்பிட்டும் பதில் இல்லாததால் பின்பக்கமாக வந்து பார்த்துக் கண்டுபிடித்தாள். எலும்பு எதுவும் முறியவில்லை. மூன்று கிழமையில் சுபைறா பழையபடி நடமாடத் தொடங்கிவிட்டார்.

மகன் றமீஸுக்குத்தான் அந்த விழுகை ஆறவில்லை. தோஹாவில் கட்டடக் கம்பனியொன்றில் வேலை செய்பவன், பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு நிந்தவூருக்குப் பறந்து வந்தான். தன்னோடு வந்து இருக்கச் சொன்னான், மாட்டேன் என்றார். வீட்டோடு ஒரு ஆளை வைப்போம் என்றான். அதற்கும் மாட்டேன் என்றார். அவருக்கு எழுபது வயது. சீனி வருத்தமில்லை, கண் தெரிகிறது, தன் சோற்றைத் தானே ஆக்குகிறார். வீடு, அவருடைய கலியாணத்தின்போது அவருடைய உம்மா அவர் பெயருக்கு எழுதிக்கொடுத்த வீடு. கணவர் மௌத்தாகிப் போன பிறகு இந்த ஆறு வருடமும் அதில் தனியாகத்தான் இருந்து வருகிறார்.

போவதற்கு முதல்நாள் றமீஸ் அழுதான்.

"உம்மா, நீங்க ரெண்டு மணித்தியாலம் தரையில கிடந்திரிக்கீங்க. நான் அந்த நேரம் கென்டீன்ல ஆக்களோட சிரிச்சிக் கதைச்சிக்கிட்டு சோறு திண்டிரிக்கன். அத நெனச்சா எனக்குத் தூக்கம் வருதில்ல உம்மா."

நாற்பத்திரண்டு வயது ஆம்பிளை அப்படி அழுததைக் கண்டு சுபைறாவால் மறுக்க முடியவில்லை. "சரி மகன், ஒன்ட மனசுக்கு எது நிம்மதியோ அதச் செய்" என்றார்.

கல்முனையில் இருந்து சப்ரி என்பவன் வந்தான். வீடுகளுக்கும் கடைகளுக்கும் கெமரா பொருத்திப் பூட்டிக் கொடுக்கும் கடை வைத்திருப்பவன். ஹோலில் ஒரு கெமரா, குசினியில் ஒரு கெமரா, கதவுகள் திறந்து மூடுவதைச் சொல்லும் காந்தத் துண்டுகள், குளியலறை வழியில் ஆள் நடமாட்டம் பார்க்கும் ஒரு சின்னப் பெட்டி, கையில் கட்டிக்கொண்டு ஆபத்தென்றால் அமத்தச் சிவப்பு பட்டன் வைத்த ஒரு பட்டி. படுக்கையறைக்கும் ஒன்று கொண்டு வந்திருந்தான். அதைச் சுபைறா உள்ளே எடுக்கவே விடவில்லை.

எல்லாம் பூட்டி முடிந்ததும் அவனை நிற்கச் சொல்லிக் கேட்டார்.

"தம்பி, இந்தப் படம் ஆருக்கெல்லாம் போகும்?"

"ஒங்கட மகன்ட போனுக்கு மட்டுந்தான் மிஸ்."

"நாங்க கதைக்கிறது?"

"சத்தம் வராது மிஸ். படம் மட்டுந்தான்."

"வடிவாத் தெரியுமா?"

"ஓம் மிஸ். சத்தம் வராது."

அந்தக் கேள்வியை அவர் சும்மா கேட்கவில்லை. முப்பத்தாறு வருடம் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதாக வேலை செய்தவர் சுபைறா. அந்த ஊரில் 'மிஸ்' என்றால் பள்ளிக்கூடத்து மிஸ்களுக்கு முதல் அவர்தான். ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் பெண்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். சொந்தத் தாயிடம் சொல்ல வெட்கப்படுவதை, கிளினிக்கில் வரிசையில் நின்று சொல்ல முடியாததை, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவருடைய ஹோலில் வந்து இருந்து சொல்லுவார்கள். அவர் கேட்டுக்கொள்ளுவார். தெரிந்ததைச் சொல்லுவார், தெரியாததற்கு எந்த டொக்டரிடம் போக வேண்டும் என்று சொல்லுவார். கேட்டது அந்த ஹோலைத் தாண்டிப் போனதில்லை. அவருடைய கணவர்கூட ஒன்றும் தெரியாமலேதான் போய்ச் சேர்ந்தார்.

முதல் மாதங்களிலேயே வீடு வேறு வீடாகிவிட்டது.

"உம்மா, பதினொரு மணியாகிட்டு, இன்னும் குசினிக்குள்ள போகல்லயே. சாப்பிடல்லயா?" என்று றமீஸ் போன் எடுப்பான். பின்கதவு கொஞ்ச நேரம் திறந்து கிடந்தால் எடுப்பான். ஒருநாள் மருமகள் நஸ்லியா எடுத்தாள். "மாமி, அந்தப் பச்சைக் கதிரையில ஏறி நிண்டு ஒட்டடை அடிக்காதீங்க, விழுந்துடுவீங்க."

சுபைறா கதிரையின் மேலே நின்றபடியே கேட்டார். "நீயும் பாக்கிறியா புள்ள?"

"ஓம் மாமி, அவர் வேலைக்குப் போனா நான்தானே பாக்கிற."

படம் மகனுடைய போனுக்கு மட்டும் என்று சொன்னது அன்றைக்கே பொய்யாகிவிட்டது. மருமகள்தானே என்று சுபைறா விட்டுவிட்டார். ஆனால் நஸ்லியாவின் போன் தோஹாவில் அவர்கள் வீட்டு மேசையில் கிடக்கும். அங்கேயே வேலை செய்யும் நஸ்லியாவின் தம்பிமார் வருவார்கள், போவார்கள். அதனால் அவர் தன்னுடைய ஹோலில், ஓகஸ்ட் மாத வெக்கையில், மின்விசிறிக்குக் கீழேயும் முக்காட்டோடு இருக்கப் பழகினார். தலை சீவ அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நடமாடினார். மகன் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று பொறுத்துக்கொண்டார்.

அந்த ஓகஸ்டில்தான் அஸ்மியா வந்தாள்.

அஸ்மியாவுக்கு இருபத்தொன்பது வயது. அரச அலுவலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். மூன்று பெண் பிள்ளைகள், மூன்றும் வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்கு எட்டு மாதம். புருஷன் சுபியானுக்கு வரிப்பத்தான்சேனை வட்டையில் வயல். சிறுபோக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்ததால் அவன் கிழமையில் இரண்டு நாள்தான் வீட்டுக்கு வந்தான்.

அலுவலக உடுப்போடு வந்த அஸ்மியா, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"மிஸ், கடைசிச் சீசர் செஞ்ச டொக்டர் எனக்கு வடிவாச் சொல்லிட்டார். இனி வயித்தில வந்தா பழைய தையல் பிரியும், உயிருக்கே ஏலாமப் போயிடும் எண்டு. இவர் அத காதிலயே எடுக்கிறார் இல்ல. மாமி ஒவ்வொரு நாளும் நாலாவது ஆம்புளப் புள்ளதான் எண்டு ஓதுறா. இவரும் அதத்தான் திருப்பிச் சொல்றார்."

"டொக்டருக்கிட்ட அவனையும் கூட்டிக்கிட்டுப் போனியா?"

"வரல்ல மிஸ். வேலயாம். எனக்குப் பயமாரிக்கி. ஒவ்வொரு மாசமும் நாள் தள்ளிப் போனா நான் செத்துச் செத்துப் பொழைக்கிறன். மூணு மாசத்துக்குப் போடுற ஊசி இரிக்கிதானே, அத இப்பதைக்குப் போட்டுக்குவமா? வெட்டு முடிஞ்சி அவர் ஊட்டோட வந்த பொறகு நானே சொல்லுவன்."

சுபைறா நெடுநேரம் யோசித்தார். அந்த ஊசி அவளுக்குப் பொருந்துமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு சொன்னார். "செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போ. ஒன்ட உசிரு புள்ள, ஒனக்கு அந்த உரிமை இரிக்கி. ஆனா நீ சொன்னபடி வெட்டு முடிஞ்ச ஒடன அவனுக்கிட்ட சொல்லணும். தனியச் சொல்லப் பயமெண்டா இஞ்ச கூட்டிக்கிட்டு வா, நான் சொல்லுறன்."

அஸ்மியா முகத்தைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தாள். போகும்போது சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை ஊசி போட்டாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மறுபடியும் வந்தாள். இந்த முறை உள்ளே வரவில்லை. கேற்றைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"நீங்களும் இப்பிடிச் செய்வீங்க எண்டு நான் நெனைக்கல்ல மிஸ்."

"என்ன புள்ள? என்ன நடந்த?"

"அவர் உடுப்பெல்லாம் எடுத்துக்கிட்டு அவர்ட உம்மா ஊட்டுக்குப் போயிட்டார். மாமி ரோட்டில நிண்டு கத்துறா. ஊசியக் கதைக்கிறா, டொக்டரக் கதைக்கிறா. 'செத்துச் செத்துப் பொழைக்கிறாளாமே' எண்டு என்ட வார்த்தையவே சொல்லிக் காட்டுறா. அத நான் உங்களுக்கிட்ட மட்டுந்தான் சொன்னன். வேற ஒரு உசிருக்கும் சொல்லல்ல."

"அல்லாஹ் மேல சத்தியமா அஸ்மியா, என்ட வாயில இருந்து..."

"அப்ப செவுரா மிஸ் சொன்ன?"

அவள் போய்விட்டாள். மூத்த பிள்ளை அவளுடைய ஸ்கூட்டரில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது.

சுபைறா ஹோலுக்கு வந்து, அஸ்மியா அன்றைக்கு இருந்த கதிரைக்கு முன்னால் உட்கார்ந்தார். முப்பத்தாறு வருடத்தில் ஒருவர்கூட அவரைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை. அன்றைக்கு வீட்டில் வேறு யாரும் இருக்கவில்லை. றினோஸா சம்மாந்துறைக்குப் போயிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெறும் வளவு. அஸ்மியாவின் மாமியார் ஹவ்வா உம்மாவுக்கு இதை யார் கொண்டுபோய்ச் சொல்ல முடியும்?

ஹவ்வா உம்மாவின் கூடப்பிறந்த காக்காவுடைய மகள்தான் நஸ்லியா. அது நினைவுக்கு வந்ததும் சுபைறா தலையை உயர்த்தி மூலையில் இருந்த வெள்ளைக் கெமராவைப் பார்த்தார். ஆனால் சத்தம் வராது என்றல்லவா சொன்னார்கள்.

அடுத்த நாள் காலை பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனார். சப்ரி கடையில் தனியாக இருந்தான். அவரைக் கண்டதும் எழும்பிக் கதிரை போட்டான். அவர் உட்காரவில்லை.

"தம்பி, என்ட ஊட்டுக் கெமராவில சத்தம் வருதா?"

சப்ரி மேசையில் கிடந்த வயர்களை ஒதுக்கத் தொடங்கினான். அந்தச் சுணக்கத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"காட்டு" என்றார்.

"மிஸ், அது வந்து..."

"காட்டு எண்டுறன்."

அவன் தன்னுடைய போனை எடுத்து எதையோ தட்டினான். திரையில் சுபைறாவின் ஹோல் வந்தது. பச்சைக் கதிரை, மேசை மேல் அவர் காலையில் கழற்றி வைத்த கண்ணாடி, குர்ஆன் வைத்திருந்த சுவர்த்தட்டு. மின்விசிறியை நிறுத்த மறந்து வந்திருக்கிறார். அது கரகரவென்று சுற்றும் சத்தம் அந்தக் கடைக்குள் கேட்டது. எங்கேயோ றினோஸாவின் சேவல் கூவியது. அதுவும் கேட்டது.

"ஒன்ட போன்லயும் வருது."

"சர்வீஸுக்கு மிஸ். எல்லா ஊடும் எங்கட போன்ல இரிக்கும். பழுதானாப் பாக்கணுமே. நாங்க சும்மா திறந்து பாக்கிற இல்ல மிஸ், அல்லாஹ்வுக்காக."

"எங்கட எண்டா எத்தின பேரு?"

"நானும் இன்னம் ரெண்டு பேரும்."

சுபைறாவுக்கு உடம்பு கூசியது. ஏழு மாதம். ஹோலில் தொழுதிருக்கிறார். பாயை விரித்துப் படுத்திருக்கிறார். கால் வீங்கிய நாட்களில் உடுப்பை முழங்கால் மட்டும் உயர்த்தி எண்ணெய் தேய்த்திருக்கிறார். மகன்தானே பார்ப்பான், மருமகள்தானே பார்ப்பாள் என்று இருந்ததெல்லாம் இந்தக் கடையின் மேசையில் கிடந்திருக்கிறது.

"சத்தம் வராது எண்டு எனக்கிட்ட சொன்ன நீதானே?"

சப்ரி தலையைக் குனிந்தான். "பூட்டேக்க சத்தத்த நிப்பாட்டித்தான் வெச்சன் மிஸ். மறுநாள் ஒங்கட மகன் எடுத்துத் திறக்கச் சொன்னார். உம்மா விழுந்து கூப்பிட்டாக் கேக்கணும் எண்டு. ஒங்களுக்கிட்ட சொல்ல வாணாம் எண்டும் சொன்னார். நீங்க கோவிப்பீங்க எண்டு."

சுபைறா அப்போதுதான் உட்கார்ந்தார். சப்ரி தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அவர் அதைத் தொடவில்லை. "ஒன்ட சாமான எடு. இப்பவே வந்து கழட்டு" என்றார்.

"மகனுக்கிட்ட ஒருக்காக் கேட்டுட்டு..."

"எதுக்கு?"

"அவர்தானே மிஸ் எங்கட கஸ்டமர்."

சுபைறா எழும்பினார். வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவருடைய குரல் உயர்ந்தது.

"ஊடு ஆருட? அதுக்குள்ள இரிக்கிற உடம்பு ஆருட? என்ட தலமுடிய நீ பாத்திரிக்காய், என்ட ஊட்டுக்கு வந்த பொம்புளைகள்ட கண்ணீர நீ கேட்டிரிக்காய். அதக் கழட்ட நான் தோஹாவில கேக்கணுமா? நீ வாறியா, நான் சுத்தியலால உடைக்கவா?"

சப்ரி கடையைப் பாதி இழுத்து மூடிவிட்டு, அவர் ஏறிய ஓட்டோவுக்குப் பின்னால் மோட்டார்சைக்கிளில் வந்தான்.

அவன் ஏணியில் ஏறி ஹோல் கெமராவில் கையை வைத்த உடனேயே சுபைறாவின் போன் அடித்தது.

"உம்மா, ஆரது ஊட்டுக்குள்ள? சப்ரியா? ஏன் கழட்டுறான்?"

"நான்தான் கழட்டச் சொன்னன்."

"என்னத்துக்கு உம்மா? ஒங்கட நன்மைக்குத்தானே நான்..."

"நீ சத்தத்தத் திறக்கச் சொன்னியா?"

சுபைறா போனை மேசை மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். சப்ரியும் கேட்கட்டும் என்று நினைத்தார்.

"நீங்க விழுந்தா, கூப்பிட்டா கேக்கணும் எண்டுதான் உம்மா."

"எனக்கிட்ட சொன்னியா?"

"சொன்னா நீங்க வாணாம் எண்டிருப்பீங்க."

"ஓம், எண்டிருப்பன். அதனாலதான் நீ சொல்லல்ல. களவா எடுக்கிறவன் எல்லாரும் அப்பிடித்தான் மகன் நெனைக்கிற, கேட்டாத் தரமாட்டாங்க எண்டு."

"உம்மா, நான் கள்ளனா?"

"அஸ்மியா வந்து என்ட முன்னால இருந்து அழுதத ஒன்ட பொஞ்சாதி கேட்டிரிக்காள். கேட்டதப் போய் ஹவ்வா உம்மாக்குச் சொல்லிரிக்காள். இண்டைக்கு அந்தப் புள்ளட புருஷன் ஊட்ட உட்டுப் போயிட்டான். மூணு பொம்புளப் புள்ளைகளோட அவள் தனிய நிக்கிறாள். அவள் என்னப் பாத்து, நீங்களுமா மிஸ் எண்டு கேட்டாள். இதுக்கு என்ன பேர் வெக்கிற எண்டு நீயே சொல்லு."

றமீஸுக்கு அது தெரியாது என்பது அவன் மூச்சு விட்ட விதத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் நஸ்லியாவை அவன் கூப்பிடுவது கேட்டது. ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு நஸ்லியா வந்தாள்.

"மாமி, நான் கெட்ட நோக்கத்தில சொல்லல்ல. அது எங்கட குடும்பத்து விஷயம்தானே. சுபியான் மச்சானுக்குத் தெரியாம அவ அப்பிடிச் செய்யிறது பிழை எண்டு நெனச்சித்தான் ஹவ்வா மாமிக்குச் சொன்னன்."

"பிழையா சரியா எண்டு பாக்க ஒன்ன ஆரு வெச்ச புள்ள? நீ என்ட ஊட்டுக் கதவில காது வெச்சிக் கேட்டிருந்தா உன்ன நான் என்ன சொல்லுவன்? இது அதவிடக் கேவலம். கதவில நிண்டாலும் உன்ட காலாவது எனக்குத் தெரிஞ்சிரிக்கும்."

நஸ்லியா அழத் தொடங்கினாள். றமீஸ் மறுபடியும் போனை எடுத்தான். இப்போது அவனுக்கும் கோபம் வந்திருந்தது.

"அவ செஞ்சது பிழை உம்மா, நான் ஒத்துக்கொள்றன். அதுக்காக எல்லாத்தையும் கழட்டினா நாளைக்கு நீங்க விழுந்தா? உங்களப் பாத்துக்கொள்ள வேற ஆரு இரிக்கா?"

"என்னப் பாத்துக்கொள்றது வேற மகன், என்னப் பாத்துக்கொண்டிருக்கிறது வேற." சுபைறாவின் குரல் முதல்முறையாக உடைந்தது. "நான் விழுந்தது எங்க? குளியலறப் படியில. இத்தின சாமான் வந்திச்சி. அந்தப் படிக்கு ஒரு கைப்பிடி வைக்க ஒங்க ஒருத்தருக்கும் யோசன வரல்லயே. வழுக்குற படி இண்டைக்கும் வழுக்குது. நான் வழுக்கி விழுறதப் பாக்க மட்டும் ரெண்டு கண்ணு வெச்சிரிக்கீங்க."

ஏணியில் நின்ற சப்ரி கையை நிறுத்திவிட்டிருந்தான்.

"நீ செய்ய வேண்டியத நான் சொல்லுறன். சுபியானுக்கு நீ எடு. மிஸ் சொல்லல்ல, எங்கட ஊட்டில இருந்துதான் களவாக் கேட்டம் எண்டு சொல்லு. ஒன்ட பேரச் சொல்லிச் சொல்லு. அதுக்குப் பொறகு எனக்கிட்டக் கதை."

கெமரா இரண்டும் கழன்று வந்தன. கதவுக் காந்தங்களும் வந்தன. குளியலறை வழியில் இருந்த பெட்டியைக் கழற்றப் போனவனைச் சுபைறா தடுத்தார். "அதுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல. அது கிடக்கட்டும். கைப்பட்டியும் கிடக்கட்டும். ஆனா பட்டன அமத்தினா முதல்ல றினோஸாட போனுக்குப் போகணும். தோஹாவில இருந்து ஆரு என்னத் தூக்க வாற?" சப்ரி அப்படியே மாற்றிக் கொடுத்தான். தன் போனில் இருந்து அவருடைய வீட்டை அழிப்பதையும் அவர் கண்முன்னாலேயே செய்து காட்டினான். போகும்போது, "நாளைக்கு வந்து படிக்குக் கைப்பிடி வெச்சித் தாறன் மிஸ்" என்றான். சுபைறா ஓம் என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு அஸருக்குப் பிறகு அவர் ஹவ்வா உம்மாவின் வீட்டுக்குப் போனார். சுபியான் வெளி மண்டபத்தில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். இரண்டு நாள் சவரம் செய்யாத முகம். அவரைக் கண்டதும் எழும்பி உள்ளே போகப் பார்த்தான்.

"இரு மகன். ஒன்னையும் பாக்கத்தான் வந்தன்."

ஹவ்வா உம்மா உள்ளே இருந்து வந்தார். வந்ததும் தொடங்கிவிட்டார். "என்ன மிஸ், எங்கட குடும்பத்தக் கெடுத்தது காணாதா? புருஷனுக்குத் தெரியாம ஊசி போடு எண்டு சொல்லிக் குடுக்கிறீங்க. ஊர்ப் பொம்புளைகள் எல்லாம் கெட்டுப்போறதே ஒங்களாலதான். எங்கட காலத்தில இப்பிடி ஒரு பொம்புள நெனைச்சாவது பாத்திருப்பாளா?"

சுபைறா அவருடைய முகத்தைப் பார்த்தார்.

முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் இதே ஹவ்வா உம்மா குடையைத் தாழப் பிடித்துக்கொண்டு சுபைறாவின் பின்வாசலுக்கு வந்தார். ஐந்தாவது பிள்ளைக்கு ஆறு மாதம். இனி ஏலாது மிஸ் என்று காலைப் பிடிக்காத குறையாக அழுதார். புருஷனுக்குத் தெரியவே கூடாது என்றார். சுபைறா மாதா மாதம் மாத்திரை அட்டையைத் தன் உடுப்புப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதை ஹவ்வா உம்மா அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்து ஏழு வருடம் விழுங்கினார். அந்தப் புருஷன் எதுவும் அறியாமலேயே காலமானார். ஐந்தாவது பிள்ளை இப்போது வாங்கில் இருந்த சுபியான்.

ஒரு வசனம் போதும். மகனுக்கு முன்னால் ஒரே ஒரு வசனம். அது சுபைறாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அஸ்மியாவின் வீங்கிய கண்கள் ஞாபகத்துக்கு வந்தபோது அதைச் சொல்லிவிடலாம் என்றே இருந்தது.

அவர் அதை விழுங்கிவிட்டுச் சொன்னார். "ஹவ்வா உம்மா, இந்த ஊர்ப் பொம்புளைகள் எனக்கிட்டச் சொன்ன ஒரு கதையும் என்ட வாயால வெளிய போனதில்ல. ஒருத்திட கதையும் போனதில்ல. இனியும் போகாது. அது ஒங்களுக்குத் தெரியும்தானே?"

ஹவ்வா உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து மகனுக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் சத்தம் போடவில்லை.

சுபைறா சுபியானின் பக்கம் திரும்பினார். "றமீஸ் எடுத்தானா?"

"எடுத்தார்" என்றான் சுபியான். "எல்லாம் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். ஆனா மிஸ், என்ட பொஞ்சாதி எனக்கிட்டச் சொல்லிரிக்கலாம்தானே? நான் என்ன மிருகமா?"

"டொக்டர் கூப்பிட்டப்ப நீ போனியா?"

அவன் தாடையைத் தடவினான்.

"அவள் ஒனக்குச் சொன்னாள். நீ கேக்கல்ல. ஒரு பொம்புளைக்குப் புருஷன்ட காது கெடைக்காட்டிதான் என்ட ஊட்டுக்கு வாறாள். வயல் செய்யிறவன்தானே நீ? ஒரே இடத்தில மூணு தரம் உடைச்சிக் கட்டின வரம்பு நாலாவது வெள்ளத்துக்கு நிக்குமா?"

"நிக்கிறதும் உண்டு."

"உடைஞ்சா?"

சுபியான் தரையைப் பார்த்தான்.

"உடைஞ்சா அஸ்மியா இல்ல. மூணு புள்ளைகளும் உம்மா இல்லாமப் போகும். ஆம்புளப் புள்ள வந்தா அவனும் உம்மா இல்லாமத்தான் வருவான். நான் அப்பிடிப் போன பொம்புளைகள்ட கையப் பிடிச்சிக்கிட்டு நிண்டவள். எனக்குச் சும்மா கதைக்கத் தெரியா." கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் ஒன்ன அவளுக்கிட்டப் போ எண்டு சொல்ல வரல்ல. டொக்டருக்கிட்டப் போ. ஒன்ட காதால கேளு. அதுக்குப் பொறகு ஆரு ஆருக்குத் துரோகம் செஞ்ச எண்டு நீயே முடிவெடு."

ஹவ்வா உம்மா தாழ்ந்த குரலில் சொன்னார். "போய்க் கேட்டுட்டு வா மனே. கேக்கிறதில என்ன வந்த?"

சுபியான் தன் தாயை ஆச்சரியத்தோடு பார்த்தான்.

அவன் போனான். அஸ்மியாவோடு போகவில்லை, தனியாகத்தான் போனான். டொக்டர் என்ன சொன்னார் என்று யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்து, உடுப்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான். ஒரு மாதம் போல் இருவரும் சரியாகக் கதைக்கவில்லை என்று கேள்வி. பிறகு கதைத்தார்கள்.

றமீஸ் இப்போதும் ஒவ்வொரு நாளும் அஸருக்கு எடுக்கிறான். முதல் சில நாட்கள் இருவரும் சாப்பாட்டைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் மட்டும் கதைத்தார்கள். ஒருநாள் அவன், "உம்மா, நான் ஒங்களுக்கிட்டக் கேக்காமச் செஞ்சது பிழை" என்றான். "ஓம், பிழை" என்றார் சுபைறா. அவனை ஆறுதல்படுத்தும் வார்த்தை ஒன்றையும் அவர் சேர்க்கவில்லை. நஸ்லியா இரண்டு முறை எடுத்தாள். சுபைறா சலாமுக்குப் பதில் சொன்னார். அதற்கு மேல் கதைக்க இன்னும் மனம் வரவில்லை.

ஆனால் பெண்கள் வருவது நின்றுபோய்விட்டது. மிஸ்ஸின் வீட்டில் கெமரா இருக்கிறது என்ற கதை ஊர் முழுக்கப் பரவியது. கழற்றிவிட்டார் என்ற கதை அந்தளவுக்குப் பரவவில்லை. ஒருத்தி வந்தாள். கதைக்கும்போது நாலு மூலையையும் கண்ணால் தேடிக்கொண்டே இருந்தாள். வந்த விஷயத்தைச் சொல்லாமலேயே எழும்பிப் போய்விட்டாள். அன்றைக்குச் சுபைறா சமைக்கவில்லை. முப்பத்தாறு வருடமாக ஒரு வீடு முழுக்கக் கட்டி வைத்ததை, அன்பு என்று சொல்லிக்கொண்டு ஒரு விரலால் தட்டி உடைத்துவிட்டார்கள். அன்பு என்று சொன்னதுதான் அவருக்கு எல்லாவற்றையும் விட எரிச்சலாக இருந்தது.

நொவம்பரில் அஸ்மியா வந்தாள். அடுத்த ஊசிக்கு நாள் வந்திருந்தது. இந்த முறை சுபியான்தான் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னாள். கொஞ்சம் தலைவலி இருக்கிறதாம், ஊசியை மாற்றலாமா என்று கேட்க வந்திருந்தாள். வாசற்படியில் செருப்பைக் கழற்றியவள் உள்ளே ஒரு அடி வைத்தாள். ஹோலைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு காலைப் பின்னுக்கு எடுத்தாள்.

"ஒண்டும் இல்ல புள்ள, எல்லாம் கழட்டியாச்சி. வா."

"தெரியும் மிஸ்." அஸ்மியாவின் முகம் சுருங்கியது. "ஒங்கள நான் நம்புறன். ஆனா உள்ளுக்கு இருந்து எனக்குக் கதைக்க ஏலா. வெளிய நிண்டு கதைப்பமா?"

சுபைறா உள்ளே போய் இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, வளவில் மாமரத்தடியில் போட்டார்.

"எத்தின நாளாத் தலவலி?" என்று கேட்டார்.